மருதநாயகம் (கான் சாகிபு)

மருதநாயகம் (சுமார் 1725–1764) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்ப் படைகளுக்குக் கமாண்டராக உயர்ந்தவர். பின்னர் அதே கம்பெனியை எதிர்த்து மதுரையில் போரிட்டுத் தூக்கிலிடப்பட்டவர். முகமது யூசுப்கான் என்பது அவர் இசுலாத்தைத் தழுவியபின் ஏற்ற பெயர். மக்கள் அவரைக் கான் சாகிபு என்றழைத்தனர்.

படைத்துறையில் எழுச்சி

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். கருநாடகப் போர்களின்போது கம்பெனிப் படையில் சேர்ந்து, 1752இல் திருச்சிராப்பள்ளிப் போர்க்களத்தில் ராபர்ட் கிளைவ், ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ஆகியோரின் கவனத்தைப் பெற்றார். 1754இல் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவரானார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து எதிரியின் உணவு வழிகளை இடைமறித்து நகரைக் காக்க உதவினார்.

தென்சீமை நிர்வாகமும் தூத்துக்குடியும்

1759இல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் குத்தகையில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. வரி செலுத்த மறுத்த பாளையக்காரர்களை அடக்குவதே முதல் பணியாயிற்று. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் நெடுங்காலம் எதிர்த்து நின்றார். 1760இல் வாசுதேவநல்லூரில் பின்வாங்க நேர்ந்த கான் சாகிபு, 1761இல் பூலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றினார்.

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பெற்ற டச்சுக்காரர், அங்கிருந்து முத்துக்குளிப்பையும் துணி வணிகத்தையும் நடத்திவந்தனர். 1760இல் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை தூத்துக்குடியில் இறங்கி, தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி வரை முன்னேறியது. கான் சாகிபு படையுடன் வரவும் அது தூத்துக்குடிக்கே திரும்பியது. கடற்கரை வணிகர் உள்நாட்டு நிலத்தில் கால் ஊன்றும் முயற்சி இவ்வாறு தடைப்பட்டது.

குளங்களையும் வாய்க்கால்களையும் செப்பனிட்டு வேளாண்மையைப் பெருக்கியதும், மீனாட்சியம்மன் கோயிலுக்கு மானியம் வழங்கியதும், நெசவாளரை ஆதரித்ததும் அவர் ஆட்சியின் நற்பெயருக்குக் காரணமாயின.

கிளர்ச்சியும் முடிவும்

அவருடைய செல்வாக்கு ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்கு அச்சமூட்டியது. மதுரை தன் ஆட்சிக்கு உட்பட்டதென நவாப் வாதிட, கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763இல் கான் சாகிபு பிரெஞ்சுக் கொடியேற்றி எதிர்த்து நின்றார். அவ்வாண்டு மதுரை முற்றுகை தோற்றது. 1764இல் மேஜர் சார்லஸ் கேம்பல் மீண்டும் முற்றுகையிட்டார். கோட்டைமீது நடந்த நேரடித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பட்டினி சூழ்ந்த நிலையில் திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் சதிசெய்து அவரைப் பிடித்துக்கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று மதுரை அருகே அவர் தூக்கிலிடப்பட்டார். உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டதாக மரபு கூறுகிறது. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் 1808இல் பள்ளிவாசல் எழுப்பப்பட்டது.

மதிப்பீடு

பூலித்தேவரைப் பணியவைத்த கை, கம்பெனியை எதிர்த்தும் வாளெடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர் வரலாறு முழுமையாகிறது. நாட்டுப்புறக் கதைப்பாடலான 'கான் சாகிபு சண்டை' அவர் வீரத்தைப் பாடுகிறது. எஸ். சி. ஹில் 1914இல் அவர் வாழ்க்கையைத் தனி நூலாக எழுதினார். அந்நிய ஆட்சி உள்நாட்டு வீரர்களின் திறமையால் வேரூன்றியதையும், அத்திறமை தனக்கென ஓர் உரிமையைக் கேட்டபோது அதை ஈவிரக்கமின்றி அழித்ததையும் அவர் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது.