வேறொரு கேள்விக்கான விடை: ஹார்மோன் சிகிச்சை அச்சத்தின் மறுவாசிப்பு

மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைகளுக்கு ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற அச்சம் இன்றைய உருவத்தை எடுத்தது 2002 ஜூலையில். அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த பிரிவு அப்போதுதான் பாதியில் நிறுத்தப்பட்டது.

அவ்வாய்வு தொல்லை தணிகிறதா என்று பார்க்கப் புறப்பட்டதன்று. மூத்த பெண்களின் இதயநோயை ஹார்மோன் தடுக்குமா என்பதே அதன் முதன்மைக் கேள்வி. அதனால் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பேரைச் சேர்த்தனர். சராசரி வயது 63. திடீரென உடல் கொதித்து, இரவில் வியர்வையில் நனைந்து விழிப்பவர்கள் சேருவதை ஆய்வாளர்கள் ஊக்குவிக்கவில்லை. கொதிப்பு அடங்கினால், தமக்குத் தரப்படுவது மருந்தா வெற்று மாத்திரையா என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். முறையியல்படி நியாயமான முடிவுதான். ஆனால் சிகிச்சை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே அதில் குறைவு.

மருந்துக் குழுவில் மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடுதல் என்றன செய்தித்தாள்கள். பிரித்துப் பார்த்தால், ஆண்டுக்கு 10,000 பேரில் வெற்று மாத்திரைக் குழுவில் 30 பேருக்கும் மருந்துக் குழுவில் 38 பேருக்கும் மார்பகப் புற்றுநோய். அந்த எட்டுப் பேரை அற்பம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் முழுக் கணக்கைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்வது நோயாளியை மிரட்டுவதற்கே உதவும். கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்த பிரிவில் இப்புற்றுநோய் கூடவில்லை. பக்கவாத அபாயம் கூடியதால் அதுவும் 2004இல் நின்றது.

இதனால் 1966இல் அமெரிக்க மகளிர் மருத்துவர் ராபர்ட் வில்சன் ஹார்மோனை முன்வைத்துக் கிளப்பிய 'என்றும் இளமை' மோகத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள், தடைகள் இல்லாத பெண்ணுக்குத் தொல்லை கடுமையாக இருந்தால் நன்மையே பெரும்பாலும் மிகுதி என்பது இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் வகை மருந்தும் வேண்டும். இல்லையேல் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரக்கூடும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கும் இரத்தம் உறைந்து அவதிப்பட்டவர்களுக்கும் பொதுவாக இச்சிகிச்சை கூடாது. கொதிப்புக்கு ஹார்மோன் அல்லாத வழியும் உண்டு. மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு நரம்பணுக்களைத் தணிக்கும் ஃபெசோலினெட்டன்ட் 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்த அச்சம் தவறான இடத்தில் விழுகிறது என்பது என் வாதம். இங்கே முப்பதுகளிலேயே கருப்பை எடுக்கப்பட்ட பெண்கள் ஏராளம். கூடவே இரு சினைப்பைகளும் போய்விட்டால், பல ஆண்டுகளில் படிப்படியாக வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து இறங்கும். எலும்புத் தேய்வும் முந்திக்கொள்ளும். தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையேனும் இவர்களுக்கு ஹார்மோன் தரலாம் என்றே வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. 63 வயதுக்காரிகளின் அபாயக் கணக்கை 38 வயதுப் பெண் மீது ஏற்றுவதற்கு ஆதாரமில்லை. இதைச் சரிசெய்யப் புதிய மருந்துகூட வேண்டாம். சினைப்பை எடுக்கப்பட்டதா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதி, அதை அந்தப் பெண்ணுக்கே வாய்விட்டுச் சொன்னால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் சரியான இடத்திலிருந்து தொடங்கலாம்.