சான் ஹோசே இணையவழிக் கணிதப் பாடத் திட்டம், 2013

சான் ஹோசே இணையவழிக் கணிதப் பாடத் திட்டம் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டி என்னும் நிறுவனமும் இணைந்து 2013ஆம் ஆண்டில் நடத்திய ஒரு சோதனை முயற்சியாகும். தொடக்கநிலைக் கணிதத்தை இணையம் வழியே, குறைந்த கட்டணத்தில், பட்டப்படிப்புக்குரிய மதிப்பலகுகளோடு கற்பிப்பது இதன் நோக்கம். ஒரு பாடத்தை உருவாக்கப் பல்கலைக்கழக விரிவுரையாளரை அமர்த்துவதும், அப்பாடத்தைக் கற்பிப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை இம்முயற்சி உயர்கல்வி உலகுக்கு உணர்த்தியது.

முன்னோடி

தொலைவழிக் கணிதக் கல்வி இணையத்துக்கு முந்தையது. பிரித்தானியாவின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் அரச சாசனம் பெற்று, 1971 சனவரியில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அவ்வாண்டு தொடங்கிய நான்கு அடிப்படைப் பாடங்களுள் கணிதமும் ஒன்று. அங்கே ஒரு பாடத்தைத் தனியொரு விரிவுரையாளரிடம் ஒப்படைக்கவில்லை. கல்வியாளர்களும் பிபிசி தயாரிப்பாளர்களும் அடங்கிய பாடக்குழு ஒன்று அதனை எழுதியது. மாணவர்களின் ஒப்படைப்புகளைத் திருத்தவும் ஐயம் தீர்க்கவும் நாடெங்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் தனியே அமர்த்தப்பட்டனர்.

பின்னணி

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு பல வளாகங்களைக் கொண்டது. சான் ஹோசே அவற்றுள் ஒன்று. இவ்வமைப்பில் புதிதாகச் சேர்ந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிப்படைத் தகுதியை எட்டாதவர்களாக இருந்தனர். அத்தகையோர் மதிப்பலகு இல்லாத ஈடுசெய் கணித வகுப்பில் முதலில் தேற வேண்டும். ஓராண்டுக்குள் தேறாதவர்கள் பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேற நேரிடலாம். எனவே பலருக்குப் பட்டத்தின் வாயிற்படியாக இருந்தது இந்தப் பள்ளிநிலைக் கணிதமே.

மறுபுறம், அரசின் நிதி ஒதுக்கீடு குறைந்திருந்ததால் வகுப்புகளில் இடம் கிடைக்காமல் மாணவர்கள் காத்திருந்தனர். இந்நிலையில் மாநில ஆளுநர் ஜெர்ரி பிரௌன், யுடாசிட்டியின் நிறுவனர் செபாஸ்டியன் துருனைத் தொடர்புகொண்டார். துருன் 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்திருந்தனர்.

பாட உருவாக்கம்

திட்டம் 2013 சனவரி 15 அன்று அறிவிக்கப்பட்டது. ஈடுசெய் கணிதம், கல்லூரி இயற்கணிதம், தொடக்கநிலைப் புள்ளியியல் ஆகிய மூன்று பாடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பாடத்துக்கு ஏறத்தாழ 100 பேர் என மொத்தம் 300 இடங்கள். கட்டணம் பாடத்துக்கு 150 டாலர்.

பாடங்களைப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆசிரியர்களே வடிவமைத்தனர். காணொளிப் பதிவு, இணையத் தளம், மாணவர்களுக்கு உதவும் வழிகாட்டிகள் ஆகியவை யுடாசிட்டியின் பொறுப்பு. ஆனால் கால அவகாசம் மிகக் குறைவு. 2012இன் பிற்பகுதியில் வேலையைத் தொடங்கிய ஆசிரியர்கள் சனவரியிலேயே மாணவர்களைச் சந்திக்க வேண்டியிருந்தது. பின்வரும் பகுதிகளை எழுதிக்கொண்டே முன்பகுதிகளை நடத்தினர். வகுப்பறையில் மாணவரின் முகத்தைப் பார்த்து விளக்கத்தை மாற்றும் ஆசிரியருக்கு, பதிவு செய்துவிட்ட காணொளியில் அந்த வாய்ப்பு இல்லை. ஒரு பகுதி புரியவில்லை என்று தெரியவரும்போது அடுத்த பகுதியின் வேலை காத்திருந்தது.

முடிவுகள்

முதல் பருவத்தில் எந்தப் பாடத்திலும் தேர்ச்சி 51 விழுக்காட்டைத் தாண்டவில்லை. வளாக வகுப்புகளில் அது 74 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தது. தேர்ச்சி மிகக் குறைந்த பாடம் ஈடுசெய் கணிதம். 2013 சூலையில், அடுத்த பருவத்துக்குத் திட்டம் நிறுத்திவைக்கப்படும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இணைய ஈடுசெய் வகுப்பில் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் அதே பாடத்தில் முன்பே தோற்றவர்கள். மற்றொரு பகுதியினர் ஓக்லாந்து நகர உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அவர்களில் சிலரிடம் கணினியே இல்லை. கோடைப் பருவத்தில் இயற்கணிதத் தேர்ச்சி 70 விழுக்காட்டையும் புள்ளியியல் தேர்ச்சி 80 விழுக்காட்டையும் தாண்டியது. ஆனால் கோடையில் சேர்ந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்.

தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு நடந்த ஆய்வு, மாணவரின் உழைப்பே, குறிப்பாக எத்தனை பயிற்சிக் கணக்குகளைச் செய்து ஒப்படைத்தார் என்பதே, தேர்ச்சியை முன்னுரைக்கும் முதன்மைக் காரணி என்று கண்டது. அந்த உழைப்பை விடாமல் வாங்குவது வகுப்பறையில் ஆசிரியரின் அன்றாட வேலை. பதிவு செய்த பாடத்தில் அந்த வேலை யாருடையது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

ஆசிரியர்களின் எதிர்ப்பு

அதே பல்கலைக்கழகம் 2012இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மின்சுற்றுப் பாடக் காணொளிகளைத் தன் வகுப்பறையில் பயன்படுத்தியது. காணொளியை வீட்டில் பார்த்துவந்த மாணவர்களுக்கு வகுப்பில் சொந்த ஆசிரியர் கணக்குப் போட உதவினார். தேர்ச்சி 59 விழுக்காட்டிலிருந்து 91 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இத்தகைய வெளிப்பாடங்களை விரிவாக்கும் முயற்சியை மெய்யியல் துறையினர் 2013 ஏப்ரலில் வெளிப்படையான மடல் மூலம் எதிர்த்தனர். வாங்கிய பாடங்கள் துறைகளைக் குலைத்து, வசதியுள்ளோருக்கு ஆசிரியர், மற்றோருக்குக் காணொளி என்ற இருநிலைக் கல்வியை உருவாக்கும் என்பது அவர்களின் கவலை.

பின்விளைவு

யுடாசிட்டி இதன்பின் தொழில்திறன் பயிற்சியின் பக்கம் திரும்பியது. 2024இல் அந்நிறுவனத்தை வாங்குவதாக அக்சென்சர் அறிவித்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் மதிப்பலகற்ற ஈடுசெய் வகுப்புகளையே கைவிட்டது. கூடுதல் உதவியுடன் மாணவர்கள் நேரடியாக மதிப்பலகுப் பாடத்திலேயே சேரும் முறை வந்தது. 2013இல் மலிவான இணையப் பாடத்தால் கடக்க முயன்ற அந்த வாயிற்படியே, ஐந்து ஆண்டுகளில் அகற்றப்பட்டது.