காற்றைக் கேட்டவர்களும் ஊரைக் கேட்டவர்களும்

எமது ஊர்களில் காற்றுக்குப் பெயர் உண்டு. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று திசை பார்த்துச் சொல்லுவோம். பாய் விரித்ததும் பட்டம் ஏற்றினதும் அந்தக் காற்றில்தான். அதே காற்றில் கரண்ட் எடுக்கிற கதை, நாம் வந்து குடியேறிய இந்த நாட்டில் எப்படி வளர்ந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

1887இல் ஸ்கொட்லாந்தில் மேரிகேர்க் என்ற கிராமத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் துணிப்பாய் கட்டிய காற்றாடி ஒன்றை நிறுத்தினார். அதில் வந்த மின்சாரத்தைப் பற்றரிகளில் சேர்த்துத் தன் வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தார். மிஞ்சியதை ஊர்த் தெருவுக்குத் தாறன் என்றார். ஊரவர்கள் ‘இது பேயின் வேலை’ என்று மறுத்துவிட்டார்களாம். நாங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒன்றைப் பாருங்கோ, அவர் கேட்டார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பிறகு நூறு வருடம் நிலக்கரியின் ஆட்சி. 1991இல்தான் கோர்ன்வாலில் டெலபோல் என்ற இடத்தில் பத்துக் காற்றாலைகளோடு முதலாவது வர்த்தகப் பண்ணை வந்தது. தரையில் கூடக் கூட, காட்சி கெடுகிறது, சத்தம் என்று கிராமங்கள் எதிர்த்தன. 2015இல், ஊராரின் ஆதரவு இல்லாமல் அனுமதி இல்லை என்று இங்கிலாந்தில் விதி வந்தது. தரையில் வேலை ஏறக்குறைய நின்றே போனது. 2024 யூலையில்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

கடலிலோ காற்றும் பலம், இடமும் தாராளம். 2000இல் பிளைத் என்ற துறைமுகத்துக்கு வெளியே இரண்டு காற்றாலைகள். பேராசிரியரின் பெயரும் அதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல். 2003இல் வேல்ஸ் கரையில் நோர்த் ஹொய்லில் முப்பது. 2013இல் எங்கட தேம்ஸ் நதி முகத்துக்கு வெளியே ‘லண்டன் அரே’: 175 காற்றாலைகள், 630 மெகாவாட். பிள்ளைகளோடு மார்கேட் போனவர்கள் கடலில் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது தனெட் பண்ணை, 2010இல் திறந்தது. 1882இல் லண்டன் ஹோல்போர்னில் தொடங்கிய நிலக்கரி மின்சாரம், 2024 செப்டெம்பர் 30இல் கடைசி நிலையத்தையும் மூடியதோடு முடிந்தது.

வன்னியில் சிக்கன விளக்கில் ஏ.எல். படித்தவன் நான். இப்போது இரவு பகலாக மெசின் ஓடுகிற பக்டரியில் வேலை. கரண்டின் அருமையை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் மன்னாரை நினைக்க மனம் பொறுக்குதில்லை. 2020 டிசெம்பரில் அங்கே முப்பது காற்றாலைகளோடு ‘தம்பபவனி’ திறந்தது. மேலும் வேண்டாம், மழைவெள்ளம் வடியுதில்லை, மீன்பிடி கெடுகுது, பறவைகள் வரும் இடம் என்று சொல்லி 2025 ஓகஸ்டில் சனம் வீதியில் இறங்கியது.

இங்கிலாந்துக் கிராமம் ‘வேண்டாம்’ என்றபோது சட்டமே மாறியது. மன்னார்ச் சனம் அதையே சொல்லத் தெருவில் நிற்கவேண்டி இருந்தது. காற்று எல்லாருக்கும் பொது. காற்றாடி நிற்கிற காணி அப்படியல்ல. இங்கே பொறியியல் படிக்கிற எங்கட பிள்ளைகள் நாளைக்கு ஊருக்குக் காற்றாலை கட்டப் போகலாம், போகட்டும். முதலில் ஊரவரைக் கேட்கச் சொல்லி அனுப்புவோம்.