போதைக்கு எதிராகச் சொன்ன விதம்

கஞ்சாவும் போதை மாத்திரையும் பற்றி ஜும்ஆ பயானில் பேசாத மாதம் இப்போது குறைவு. "ஹராம் என்று தெரிந்தும் செய்கிறானே, இதற்கு மேல் என்னத்தைச் சொல்ல?" என்று என் வயதுக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். என்ன சொல்வது என்பதைவிட, எப்படிச் சொல்வது என்பதில்தான் காரியம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நமது வரலாறே அதற்குச் சான்று.

மதீனாவில் மதுவிலக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. மதுவில் சில பயன்கள் உண்டு, ஆனால் அதன் பாவமே பெரிது என்று முதலில் குர்ஆன் சொன்னது. பிறகு, போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்றது. ஐந்து வேளை தொழுகிறவனுக்குக் குடிக்க எத்தனை நேரம் மிஞ்சும்? கடைசியில்தான் அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் முழுத் தடையைக் கொண்டுவந்தது. அன்று அபூதல்ஹா அவர்களின் வீட்டில் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அனஸ் அவர்கள். தெருவில் அறிவிப்புக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. எடுத்த எடுப்பிலேயே குடிக்காதீர்கள் என்று வந்திருந்தால், விடவே மாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள் என்பது அன்னை ஆயிஷா அவர்களின் விளக்கம். இரண்டு செய்திகளும் புகாரியில் இருக்கின்றன.

தடைக்குப் பிறகும் குடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தண்டனையும் இருந்தது. ஆனால், திரும்பத் திரும்பப் பிடிபட்ட ஒருவரை யாரோ சபித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்றார்கள். தண்டித்தாலும் அவரைத் தள்ளிவைக்கவில்லை.

பின்னாளில் ஹஷீஷ் என்ற கஞ்சாப் பொருள் பரவியபோது, "குர்ஆனில் இதன் பெயர் இல்லையே" என்று சிலர் வாதாடினார்கள். போதை தருவது எதுவானாலும் விலக்கப்பட்டதே என்ற ஹதீஸை வைத்து, 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் பதில் சொன்னார்கள். இன்றைய மாத்திரைகளுக்கும் அந்தப் பதிலே பொருந்தும்.

அடக்குமுறை என்ன ஆயிற்று என்பதற்கு இஸ்தான்புல் உதாரணம். 1633இல் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடி, புகையிலைக்கு மரண தண்டனை விதித்தார். காதிஸாதே என்ற புகழ்பெற்ற போதகரும் அதற்குத் துணை நின்றார். அந்தக் காலத்தில் வாழ்ந்த அறிஞர் காத்திப் செலெபி நடந்ததை எழுதி வைத்திருக்கிறார்: சிப்பாய்கள் குட்டைக் குழாய்களைச் சட்டைக் கைக்குள் ஒளித்து, தண்டனை நடக்கும் நேரத்திலேயே புகைத்தார்களாம்! 1640இல் முராத் இறந்தார். அதற்குப் பின் சில ஆண்டுகளில் தலைமை முஃப்தி பஹாயி எஃபெந்தியே புகைப்பது கூடும் என்று ஃபத்வா கொடுத்துவிட்டார். மிரட்டியதால் பழக்கம் ஒளிந்துகொண்டதே தவிர ஒழியவில்லை.

நம் காலத்திலும் ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. 2010இல் கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள அர்ரஹ்மான் பள்ளிவாசலில், ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்தும் தொழுகையும் மார்க்க ஆலோசனையும் ஒரே இடத்தில். அடிமைப்பட்டவன் பாவி மட்டுமல்ல, நோயாளியும்தான் என்று ஒரு பள்ளிவாசல் தன் கதவைத் திறந்து சொன்னது.

எங்கள் தெருவில் ஒரு தாய், மகனின் பழக்கத்தை ஊருக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருக்கிறார். பயானில் "இவர்களெல்லாம் நாசமாய்ப் போனவர்கள்" என்று கேட்டால் அவர் இன்னும் ஆழமாக மறைப்பார். பையனும் பள்ளிவாசல் பக்கமே வரமாட்டான். "மஃரிபுக்குப் பிறகு என்னிடம் தனியாக வந்து பேசுங்கள், மருத்துவரிடம் நானே கூட்டிப்போகிறேன்" என்று ஹஜ்ரத் ஒருவர் சொன்னால், அந்தத் தாய் வருவார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்படி நம் ஜமாஅத் பெரியவர்கள் ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.