சிலந்தி மேடைக்கு ஏறின கதை: ஜமைக்காவின் நத்தார் நாடகங்கள்

1941 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்ரனில், வோர்ட் தியேட்டரில் ஒரு நாடகம் தொடங்குகிறது. பெயர் 'ஜாக்கும் அவரைக்கொடியும்'. ஏழைப் பொடியன் ஒருவன் மாட்டை விற்று அவரை விதை வாங்கி, அது வளர்ந்த கொடியில் ஏறிப் போய் மேலே இருக்கிற அரக்கனை ஏமாற்றுகிற ஆங்கிலக் கதை. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த ஒரு கரீபியன் தீவில், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் பெரும்பான்மையாக வாழ்கிற ஊரில், ஏன் இந்தக் கதை? அந்த ஊரில் கதைக்கா பஞ்சம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு நாட்டின் அரங்க வரலாறே பின்னால் வரும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'பன்டோமைம்' எண்டதும் எங்களில் பலருக்கு முகத்தில் வெள்ளை பூசி, வாய் திறக்காமல் நடிக்கிற ஊமம்தான் ஞாபகம் வரும். பிரித்தானியர் சொல்கிற பன்டோமைம் நேர் எதிர். ஒரே சத்தம்தான். பாட்டு, ஆட்டம், பகிடி, பெண் வேடம் போட்ட ஆண், ஆண் வேடம் போட்ட பெண், மேடையைப் பார்த்துக் கத்துகிற சின்னப்பிள்ளைகள். தாத்தா முதல் பேரன் வரை குடும்பமாகப் போய்ப் பார்க்கிற நத்தார் கால நாடகம் அது. குடியேற்ற ஆட்சியோடு அதுவும் கப்பல் ஏறி வந்தது.

ஜமைக்காவில் இதை ஆண்டு விழாவாக ஆக்கியது 'லிற்றில் தியேட்டர் மூவ்மென்ற்' என்ற அமைப்பு. கிறெற்றா பவுளரும் ஹென்றி பவுளரும் 1941இல் தொடங்கியது. கிங்ஸ்ரனில் சொந்தமாக ஒரு சிறிய அரங்கு கட்டவேண்டும், அதற்குக் காசு சேர்க்கவேண்டும் என்பது அவர்களின் நோக்கங்களில் ஒன்று. அந்த அரங்கு 1961இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை நாடகங்கள் நடந்த வோர்ட் தியேட்டர், 1907 நிலநடுக்கத்தில் பழைய அரங்கு அழிந்த பிறகு 1912இல் திறக்கப்பட்ட கட்டடம்.

அந்தக் காலத்து வெளி உலகத்தையும் கொஞ்சம் பாருங்கோ. 1938இல் ஃபுறோம் கரும்புத் தோட்டத்தில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து, அது தீவெங்கும் பரவியது. 1944இல் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வெளியே சனம் "நாங்களும் மனுசர்தான்" எண்டு எழும்பி நிற்கிற அதே வருடங்களில், உள்ளே மேடையில் இங்கிலாந்தின் தேவதைக் கதை. இந்த இடைவெளி கனகாலம் நிலைக்க முடியாது. நிலைக்கவும் இல்லை.

அப்படியென்றால் தீவின் சொந்தக் கதைகள் எங்கே இருந்தன? இருட்டின பிறகு வீட்டு முற்றங்களில் இருந்தன. அவற்றின் நாயகன் ஒரு சிலந்தி. பெயர் அனன்சி.

அனன்சி பிறந்தது மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய கானாவில் வாழும் அக்கான் மக்களிடம். அவர்கள் சொல்கிற கதை இது. உலகத்துக் கதைகள் எல்லாம் ஒருகாலத்தில் வானக் கடவுள் நியாமேயிடம் இருந்தன. அனன்சி போய் விலை கேட்டான். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், கண்ணுக்குத் தெரியாத வனதேவதை, இவ்வளவையும் பிடித்துக்கொண்டு வா என்றார் கடவுள். சிலந்தி எவ்வளவு பெரிசு? ஆனாலும் பிடித்தான். பாம்பிடம் போய், "நீ நீளமா இந்தத் தடி நீளமா?" என்று கேட்டு, அளக்கிறேன் என்று சொல்லித் தடியோடு சேர்த்துக் கட்டிவிட்டான். அன்றிலிருந்து கதைகள் எல்லாம் அனன்சியின் கதைகள்.

அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களால் பொருள் எதையும் கொண்டுவர முடியவில்லை. கதை தலைக்குள் இருந்ததால் வந்து சேர்ந்தது. ஜமைக்கா வடிவத்தில் வானக் கடவுளின் இடத்தில் புலி நிற்கிறது. கதைகள் புலியின் பெயரில் இருக்கின்றன, அனன்சி பாம்பைப் பிடித்துக்கொடுத்து அவற்றைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான். ஜமைக்காக் காட்டில் புலி என்று ஒரு மிருகமே கிடையாது. ஆனால் சவுக்கோடு நிற்கிற, எல்லாமே தன்னுடையது என்று சொல்கிற ஒருவனை அங்கே எல்லாருக்கும் தெரியும். பலம் முழுக்க எதிரியிடம் இருக்கிறபோது, வாயையும் மூளையையும் மட்டும் வைத்துத் தப்புகிற ஒருவன் ஏன் நாயகனானான் என்பது சொல்லாமலே விளங்கும்.

கதை முடிகிறபோது சொல்கிறவர் ஒரு வழக்கமான வாய்ப்பாட்டைச் சொல்லுவார். "இது நான் தெரிந்தெடுத்தது இல்லை, பொறுப்பு என்னுடையது இல்லை" என்கிற மாதிரி அதன் பொருள். அடிமைத் தோட்டத்தில் கதை சொன்னவர்களுக்கு அந்தக் கையைக் கழுவுதல் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

மேடை மெல்ல மெல்லத்தான் மாறியது. 1943இல் வேரா பெல் எழுதிய 'சொலிடேயும் பொல்லாத பறவையும்' உள்ளூர்க் கதையை எடுத்தது. பெரிய திருப்பம் 1949இல். லூயிஸ் பெனற்றும் நோயல் வாஸும் சேர்ந்து எழுதிய 'நீலத்தாடியும் அனன்சி அண்ணனும்'. தலைப்பிலேயே பேரம் தெரிகிறது. நீலத்தாடி ஐரோப்பியக் கதையின் கொடுமைக்காரக் கணவன். அவனைத் துரத்திவிடவில்லை, பக்கத்தில் சிலந்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அனன்சி மேடையின் சொந்தக்காரனாகவே ஆகிவிட்டான். லூயிஸ் பெனற்றும் றானி வில்லியம்ஸும் சேர்ந்து வந்தாலே சனம் சிரிக்கத் தொடங்கும் அளவுக்கு அந்தச் சோடி பேர் பெற்றது.

லூயிஸ் பெனற் யார்? 1919இல் கிங்ஸ்ரனில் பிறந்தவர். ஊர் முழுக்க 'மிஸ் லூ'. சந்தையிலும் தெருவிலும் சனம் கதைக்கிற பற்றுவா மொழியில் கவிதை எழுதினார். அந்த மொழியைப் படித்தவர்கள் 'உடைந்த ஆங்கிலம்' என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அதைக் கதைத்தால் திருத்துவார்கள். 1945இல் புலமைப்பரிசில் பெற்று லண்டனில் றோயல் அக்கடமியில் நாடகம் படிக்கப் போனார். ஆங்கில மேடையின் முறையான பயிற்சி முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அதே பற்றுவாவில்தான் கதைத்தார். எங்களுக்கு அவரில் ஆகப் பிடித்த விசயம் இதுதான். மேடைக்குரிய மொழி தெரியாததால் பேச்சுமொழிக்குப் போனவர் இல்லை அவர். இரண்டும் தெரிந்து, ஒன்றைத் தெரிந்தெடுத்தவர்.

ஆனாலும் அவரை வெறும் பகிடிக்காரியாகவே கனகாலம் பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் மேர்வின் மொறிஸ் என்ற கவிஞர், லூயிஸ் பெனற்றைக் கருத்தூன்றி வாசிக்கவேண்டும் என்று வாதாடித் தனிக் கட்டுரையே எழுதவேண்டியிருந்தது. சனம் சிரித்தால் அது இலக்கியம் இல்லை என்ற நினைப்பு அங்கேயும் இருந்தது.

நாட்டார் கதை ஏன் இந்த அரங்குக்குள் இவ்வளவு சுகமாகப் பொருந்தியது? எங்களுக்குத் தெரிகிற காரணங்கள் மூன்று. ஒன்று, அனன்சி கதைக்கு நடுவிலேயே பாட்டு இருக்கிறது. சொல்கிறவர் பாட, கேட்கிறவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பன்டோமைமிலும் பார்வையாளர் பதில் சொல்லவேண்டும். இரண்டு, முற்றத்தில் கதை சொல்கிற பாட்டி ஒருவரே புலியாகவும் பாம்பாகவும் சிலந்தியாகவும் மாறுவார். நடிப்பு ஏற்கனவே அங்கே இருக்கிறது. மூன்று, இரண்டுமே வயது பிரித்து உட்காரவைக்கிற கலை இல்லை. பிள்ளை சிலந்தியைப் பார்த்துச் சிரிக்கும், அதே வசனத்தில் அரசியல்வாதியைக் கண்டுபிடித்து அப்பா சிரிப்பார்.

இதில் இழப்பே இல்லையா? இருக்கிறது. காசு கொடுத்து ரிக்கெற் வாங்கக்கூடியவர்கள்தான் அரங்குக்கு வர முடியும். கதையைப் பாதுகாத்த ஏழைச் சனத்தின் முற்றத்திலிருந்து அது நகர மண்டபத்துக்கு இடம் மாறியது. சவுக்குக்குப் பயந்த காலத்தில் உயிர் தப்புகிற வழியாக இருந்த தந்திரம், மேடையில் நத்தார்ப் பகிடியாக இளகிப்போகவும் கூடும். இன்னொரு பக்கம், பொய்யும் களவும் செய்கிற அனன்சியைப் பிள்ளைகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டலாமா என்று கேட்பவர்கள் ஜமைக்காவிலேயே உண்டு. அந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. அனன்சி புலியை மட்டும் ஏமாற்றுவதில்லை, பசித்திருக்கிற தன் குடும்பத்தையும் ஏமாற்றுவான். அவனை வெறும் விடுதலை வீரனாக ஆக்குகிறவர்களும் கதையைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள்.

வேறு தீவில் வேறு மாதிரிச் செய்துபார்த்தவர் டெரிக் வோல்கொட். சென் லூசியாவில் பிறந்து 1992இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர். அவருடைய 'தி-ஜோனும் சகோதரர்களும்' 1958இல் ட்ரினிடாட்டில் மேடையேறியது. கதையைச் சொல்வது ஒரு தவளை. மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பிசாசு ஒரு பந்தயம் வைக்கிறது: யார் முதலில் கோபப்படுகிறானோ அவன் தோற்றான். உடம்புப் பலத்தை நம்பின மூத்தவன், தோட்டத் துரை வேடத்தில் வருகிற பிசாசு தன் பெயரைத் திரும்பத் திரும்பப் பிழையாகக் கூப்பிட்டதில் பொறுமை இழந்து தோற்கிறான். புத்தகப் படிப்பை நம்பின நடுவில் உள்ளவன் விவாதத்தில் தோற்கிறான். கடைக்குட்டி துரையின் கட்டளைக்கு அடங்காமல், கரும்புத் தோட்டத்துக்கே நெருப்பு வைக்கச் செய்கிறான். கோபம் பிசாசுக்கு வருகிறது. சின்னப்பிள்ளைக்கும் விளங்குகிற கதைதான், ஆனால் துரையின் முகமூடிக்குள் பிசாசு இருப்பதைக் காணப் பெரியவர்களுக்கு அதிக நேரம் எடுக்காது. இங்கே கதை இளகவில்லை, கூர்மையாகியிருக்கிறது.

இதே கரீபியனில் தமிழ்ச் சுவடு ஒன்றும் உண்டு. 1850களிலிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குவாதலூப்பில் அவர்களின் வழித்தோன்றல்கள் இரவிரவாக ஆடின கூத்துக்குப் பெயர் 'நாத்ரோன்'. எங்கட 'நாடகம்'தான் அப்படித் திரிந்தது என்று சொல்வார்கள். வீட்டில் கிறியோல் கதைக்கிறவர்கள் மேடையில் தமிழ்ப் பாட்டை மனப்பாடமாகப் பாடினார்கள். ஜமைக்காவில் வாயில் உயிரோடு இருந்த மொழிக்கு மேடையில் இடமில்லாமல் இருந்தது. குவாதலூப்பில் வாயை விட்டுப் போன மொழிக்கு மேடைதான் மிஞ்சியது.

மிஸ் லூ பிறகு தொலைக்காட்சிக்கும் போனார். 1970 முதல் 1982 வரை 'றிங் டிங்' என்ற நிகழ்ச்சியில் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, அவர்களின் சொந்த மொழியில் பாடவும் கதை சொல்லவும் வைத்தார். 2006இல் ரொறன்ரோவில் காலமானார். உடலைக் கிங்ஸ்ரனுக்குக் கொண்டுவந்து தேசிய வீரர்கள் பூங்காவில் அடக்கம் செய்தார்கள். ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் திருத்தப்பட்ட மொழியைக் கதைத்தவருக்கு நாடு கொடுத்த இடம் அது.

1941இல் ஜாக் ஏறின அதே மேடையில் எட்டே வருடத்தில் அனன்சி ஏறினான். கட்டடமும் அதே, நத்தார்க் காலமும் அதே, ஆட்டமும் பாட்டும் ஏறக்குறைய அதே. கதையும் அதைச் சொன்ன வாயும் மாறியிருந்தன. புலியிடமிருந்து கதைகளைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட சிலந்திக்கு ஒரு தியேட்டரைப் பிடிப்பது பெரிய வேலையாக இருந்திருக்காது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.