பதிவேடும் எல்லைக்கோடும்: பிரித்தானியாவிற் குடியேறிய தாதியர் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

ஒரு தொழிலுக்குரிய தகுதி யாது என்னும் வினா கல்வித்துறையோடு மட்டும் அமைந்துவிடுவதில்லை. அத்தகுதியை வரையறுக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது, அவ்வரையறையினால் எவருடைய உழைப்பு மலிவாகின்றது என்னும் வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. இரண்டாம் உலகப் போரின் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரித்தானிய வைத்தியசாலைகளுக்குச் சென்ற தாதியரின் வரலாற்றை இவ்விரு வினாக்களின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாதியர் பதிவேடு தோன்றிய சூழலை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். 1843-44இல் வெளிவந்த 'மார்ட்டின் சசில்விற்' நாவலில் டிக்கின்ஸ் படைத்த கேம்ப் அம்மையார், மதுவுக்கு அடிமையான, பயிற்சியற்ற, அடிநிலைத் தாதியின் வகைமாதிரியாக ஆங்கில வாசகர் மனத்திற் பதிந்துவிட்டார். 1860இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் சென். தோமஸ் வைத்தியசாலையில் நிறுவிய பயிற்சிப் பள்ளி அவ்வுருவத்தை மாற்ற முனைந்தது. ஆயினும் சில ஆண்டுகளிலேயே அப்பள்ளியிற் கட்டணம் செலுத்திப் பயின்ற உயர்குடிப் பெண்களுக்கும் சாதாரணப் பயிலுநருக்குமிடையே வேறுபாடு தோன்றலாயிற்று. 1887இல் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை நிறுவிய எதெல் பெட்போர்ட் பென்விக், அரச பதிவேடு ஒன்று வேண்டுமென நீண்ட காலம் போராடினார். நற்பண்பைப் பரீட்சையால் அளந்துவிட முடியாதெனக் கருதிய நைற்றிங்கேல் அதனை எதிர்த்தார். 1919இல் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பயிற்சியற்றோரிடமிருந்து நோயாளரைக் காத்தல் என்னும் நியாயமான தேவை இதன் ஒரு பக்கமாகும். மத்தியதர வர்க்கப் பெண்களுக்கென மதிப்புவாய்ந்த தொழிலொன்றை வேலியிட்டுக் கொள்ளுதல் அதன் மறுபக்கமாகும். இவ்விரு பக்கங்களில் ஒன்றை மாத்திரம் கண்டு மற்றதைக் காணாதுவிடல் வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது.

வேலியிடப்பட்ட தொழில் போதிய ஆட்களைப் பெறவில்லை. போர்க்காலத் தட்டுப்பாட்டின்போது, 1943ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டுக்குக் கீழே 'நிரல்' எனப்படும் இரண்டாவது பட்டியலொன்றை உருவாக்கியது. மூவாண்டுப் பயிற்சி பெற்றோர் பதிவுபெற்ற தாதியராயினர். ஈராண்டுப் பயிற்சி பெற்றோர் நிரலிற் சேர்க்கப்பட்டு உதவித் தாதியர் எனப்பட்டனர். 1961இல் 'உதவி' என்னும் அடைமொழி நீங்கியது, கீழ்ப்படிநிலை நீங்கவில்லை. பிரித்தானியச் சமூகத்தின் உள்ளேயே வர்க்கக் கோடாக வரையப்பட்ட இப்பிரிவு, குடியேற்ற நாடுகளின் உழைப்பு வந்து சேர்ந்தபோது இனக் கோடாகவும் தொழிற்படத் தொடங்கியது.

1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. அதே ஆண்டில் நிறைவேறிய தேசிய இனச் சட்டம் குடியேற்ற நாட்டு மக்களையும் பிரித்தானியாவின் குடிகளாக ஏற்றுக்கொண்டது. சட்டப்படி வாயில் திறந்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அரச அனுசரணையுடனேயே பயிலுநர் திரட்டப்பட்டனர். ஆனால் மூவாண்டுப் பயிற்சிக்குரிய கல்வித் தகைமை பெற்றிருந்த பெண்களிற் பலரும் ஈராண்டுப் பயிற்சிக்கே அனுப்பப்பட்டனர். இரண்டுக்குமுள்ள வேறுபாடு பலருக்கு முன்கூட்டியே விளக்கப்படவில்லை. நாடு திரும்ப எண்ணியபோதே அவர்கள் உண்மையை முழுமையாக உணர்ந்தனர்: நிரற் சான்றிதழைத் தாயகத்திற் பலவிடங்களில் முழுத் தகுதியாக எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. தாதியாக வந்தவர், தாதியாகத் திரும்ப முடியாத நிலை அது.

இனத்தடை பதிவேட்டால் உண்டானதென்று கொள்ளுதல் தவறாகும். 1854இல், பதிவேடு என்பதே இல்லாத காலத்தில், யமேக்காவைச் சேர்ந்த மேரி சீக்கோல் கிரைமியப் போர்க்களத்திற் பணியாற்ற இலண்டனில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். தமது நிறமே அதற்குக் காரணமோ என்ற ஐயத்தை 1857இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அவர் எழுப்புகிறார். சொந்தச் செலவிலேயே அவர் களத்துக்குச் சென்றார். அன்று அதிகாரிகளின் முகத்திற் படித்தறிய வேண்டியிருந்த மறுப்பு, பின்னர் நடுநிலை வாய்ந்ததாகத் தோன்றும் ஆவணங்களின் மொழியைப் பெற்றது. முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட மறுப்பினும் ஆவணத்தில் எழுதப்பட்ட மறுப்பை எதிர்ப்பது கடினம் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

குடிவரவுச் சட்டங்கள் இரண்டாவது கதவாக அமைந்தன. 1962ஆம் ஆண்டுப் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் தொழிலுக்கு வருவோர் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டுமென விதித்தது. இலங்கையரும் இதற்கு உட்பட்டனர். 1965 வெள்ளையறிக்கை அச்சீட்டுகளை ஆண்டுக்கு 8,500ஆகக் குறைத்து, தேர்ச்சியற்ற தொழிலாளருக்கான பிரிவை ஒழித்தபோது, பயிற்சி பெற்ற தாதியரை விரும்பத்தக்கோர் வரிசையில் வைத்தது. 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் இனொக் பவல். கடல்கடந்து வந்த பயிலுநரின் உழைப்பிலேயே அக்காலத்திற் பல வைத்தியசாலைகள் இயங்கின. 1968இல் குடிவரவுக்கு எதிராக அவர் ஆற்றிய உரை யாவரும் அறிந்ததே. 1973இல் நடைமுறைக்கு வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் தங்கும் உரிமையைக் காலவரையறைக்கும் தொழில் அனுமதிக்கும் உட்படுத்தியது. பயிற்சியிலே தவறினால் தங்கும் உரிமை போகும். தங்கும் உரிமை போனால் பதிவுக்குரிய வழி அடைபடும். இவ்வாறு இரு கதவுகளும் ஒன்றின் திறப்பை மற்றொன்று வைத்திருக்கும் நிலை உருவாயிற்று.

தொழிலாளர் சேமப்படை பற்றி மார்க்ஸ் கூறியவை இங்குப் பொருந்துமாயினும், அக்கருத்தை இயந்திரப் பாங்கிற் பிரயோகித்தல் போதாது. தாதியத்தில் முதலாளி அரசே. விளைபொருள் இலாபமன்று, நோயாளரின் நலம். எனினும் ஒரு பெண்ணை வளர்த்துக் கல்வியூட்டிய செலவைத் தாயகம் ஏற்க, அவ்வுழைப்பின் பயனை ஏகாதிபத்திய மையம் பெற்றது. கீழ்ப்பட்டியல் அதனை மேலும் மலிவாக்கியது. 1964இல் கயானாவைச் சேர்ந்த டாப்னி ஸ்ரீல் அச்சேவையின் முதற் கறுப்பின மேற்றனாக உயர்ந்தமை பெருமைக்குரியதே. தனியொருவரின் உயர்ச்சி அமைப்பின் இயல்பை மாற்றவில்லை என்பதும் அவ்வளவு உண்மையே.

நிரலுக்கான பயிற்சி 1986ஆம் ஆண்டுச் சீர்திருத்த ஆலோசனைகளைத் தொடர்ந்து படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2014 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிற் பயின்றோர் கணினிவழிப் பரீட்சையையும் செய்முறைப் பரீட்சையையும் கடக்க வேண்டியதாயிற்று. மொழித் தேர்ச்சியையும் நிரூபித்தல் வேண்டும். 2020இல் சுகாதாரத் தொழிலாளருக்கெனத் தனி விசா அறிமுகமாயிற்று. 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் நமது நாட்டுச் சுகாதாரப் பணியாளரும் பெருமளவில் வெளிநாடுகளை நாடிச் செல்கின்றனர்.

பரீட்சைகள் வேண்டாமென்பது எமது வாதமன்று. நோயாளியின் உயிர் பிறருடைய திறமையை நம்பியிருக்கும்வரை அத்திறமையைச் சோதித்தல் அவசியமே. சோதனைக்குப் பின் கிடைக்கும் தகுதி பெற்றவளுக்கே சொந்தமாகின்றதா, எந்நாட்டிலும் அவளோடு வருகின்றதா, அல்லது அவளை ஓரிடத்திற் கட்டிவைக்கும் கயிறாகின்றதா என்பதே வினா. ஈராண்டுச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஊர் திரும்பவும் உயர்வு பெறவும் இயலாது பல்லாண்டுகள் நோயாளர் விடுதிகளில் இரவுப் பணியாற்றிய அப்பெண்களின் வரலாறு, இன்று புறப்படும் எமது சகோதரிகள் கையொப்பமிடுமுன் படித்தறிய வேண்டிய வரலாறாகும்.