சந்தியாகோ: நடந்து வந்தவர்கள் கட்டிய நகரம்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், மழைக்குப் பெயர்போன கலீசியா பகுதியின் தலைநகரம் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. இயேசுவின் சீடரான பெரிய யாக்கோபுவின் கல்லறை இங்கே இருப்பதாக நம்பிக்கை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று அழைப்பதும் இவரைத்தான். 9-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்ற துறவி காட்டில் அதிசய ஒளியைக் கண்டதாகவும், ஆயர் தியோதமிரோ அங்கே கல்லறையைக் கண்டெடுத்ததாகவும் கதை. அது உண்மையில் யாருடைய கல்லறை என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை நம்பி நடந்து வந்தவர்களால்தான் ஒரு நகரமே எழுந்தது!

அவர்கள் வந்த வழியிலேயே நாமும் நடந்து பார்ப்போம்.

நகருக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் முன்னால் ஒரு குன்று. பெயர் 'ஆனந்த மலை'. வாரக்கணக்கில் நடந்தவர்களுக்குப் பேராலயக் கோபுரங்கள் முதலில் தெரிவது இங்கிருந்துதான். பெயர்க் காரணம் சொல்லவே வேண்டாம்.

இறங்கி வந்தால் 'சிப்பிக்காரர்கள் தெரு'. சிப்பி ஓடுதான் இந்த யாத்திரையின் அடையாளம். அதற்கு எவ்வளவு கிராக்கி என்றால், இந்த ஊரைத் தவிர வேறெங்கும் விற்கக் கூடாது என்று 13-ம் நூற்றாண்டில் திருத்தந்தையர்களே தடை போட்டார்கள்!

அடுத்தது 'பாதை வாசல்'. கோட்டை வாசல் இடிந்துபோய்ப் பெயர் மட்டும் மிச்சம். உள்ளே கல் பாவிய குறுகலான தெருக்கள். பேராலயத்தின் வடக்குப் பக்கம், அசபாச்சே என்ற கறுப்புக் கல்லில் நகையும் சிலையும் செய்தவர்களின் பெயரால் வழங்குகிறது. தெற்கே வெள்ளி வேலைக்காரர்களின் சதுக்கம். மேற்கே ஒப்ரதோயிரோ, அதாவது 'பட்டறை'. பேராலயத்துக்குக் கல் செதுக்கியவர்கள் வேலை பார்த்த இடம். மன்னர்களின் பெயரைவிட உழைத்தவர்களின் பெயரே இந்த ஊரில் அதிகம் நிலைத்திருக்கிறது.

பட்டறைச் சதுக்கத்தின் ஒரு பக்கம் இசபெல்லா அரசியும் ஃபெர்டினாண்டு மன்னரும் நோயுற்ற யாத்ரீகர்களுக்காக 1499-ல் கட்ட உத்தரவிட்ட மருத்துவமனை. 1954 முதல் அது சொகுசு ஹோட்டல். இன்னொரு பக்கம் பேராலயம்.

இந்த இடம் ரத்தமும் கண்ணீரும் பார்த்தது. 997-ல் கோர்தோபாவின் தளபதி அல்-மன்சூர் படையெடுத்து வந்து, அன்றிருந்த ஆலயத்தை இடித்தார். ஆலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகள் தோளில் சுமந்து கோர்தோபா கொண்டுபோனார்கள். 1236-ல் கோர்தோபா ஸ்பானிய மன்னர் வசமானது. அதே மணிகளை இந்த முறை முஸ்லிம் கைதிகள் தோளில் சுமந்து திரும்பக் கொண்டுவந்தார்கள் என்கின்றன பழைய வரலாற்று நூல்கள். வென்றவர்கள் மாறினார்கள். சுமை மட்டும் தோற்றவர்கள் தோளில்தான்.

இப்போதுள்ள பேராலயத்தின் வேலை 1075-ல் தொடங்கி, 1211-ல் அர்ப்பணிக்கப்பட்டது. 1589-ல் ஆங்கிலேயத் தளபதி ட்ரேக் பக்கத்துத் துறைமுகத்தைத் தாக்கியபோது, பேராயர் பயந்துபோய் எலும்புகளை ஒளித்துவைத்தார். பிறகு எங்கே வைத்தார் என்பதே மறந்துபோனது! 1879-ல் தோண்டும்போதுதான் கிடைத்தன. இடையில் 290 ஆண்டுகள். கூட்டம் குறைந்தது, ஆனாலும் நடப்பவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1980-களின் நடுவில் யாத்திரைச் சான்றிதழ் பெற்றவர்கள் ஆண்டுக்கு மூவாயிரம் பேரைத் தாண்டவில்லை. 2023-லோ சுமார் 4 லட்சத்து 46 ஆயிரம் பேர். பக்திக்காக வருபவர்களும் உண்டு, சும்மா நடக்க வருபவர்களும் உண்டு.

பேராலயத்தின் உள்வாசலில் 1188-ம் ஆண்டைப் பொறித்த சிற்பி மத்தேயோவின் வேலைப்பாடு இருக்கிறது. அதன் நடுத்தூணில் ஐந்து விரல் பதிந்த பள்ளங்கள். அவற்றை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. வந்து சேர்ந்த களைப்பில் கை வைத்த லட்சக்கணக்கானவர்கள் தேய்த்த பள்ளம் அது. இப்போது அதைத் தொட அனுமதியில்லை. ஆனால் பெயர் தெரியாத அத்தனை பேரும் இந்த ஊரில் விட்டுப்போன கையெழுத்து அதுதான்.